ஸ்டிக்கரில் யார் பெயர்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சிறிய பேக்கரி நடத்தும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். ஊர் வழக்கில் 'சொல்தா' குடும்பம். நாத்தனார் பாரிஸ் புறநகரில் வசிக்கிறார். ஐந்தாறு ஆண்டுகளாக, அங்கிருந்து யார் வந்தாலும் இரண்டு பெட்டி நிறைய சீஸ், ஜாம், கடுகு பேஸ்ட், வெண்ணெய் பிஸ்கட், சாக்லேட், செஸ்ட்நட் கூழ் வரும். முதலில் வீட்டுக்கு என்று வந்தது. பிறகு பேக்கரி அலமாரியில் ஏறியது. இப்போது ஒயிட் டவுனில் மூன்று விருந்தினர் இல்லங்களும் ஆரோவில் பக்கம் இரண்டு கஃபேக்களும் வாடிக்கை. சென்ற வாரம் உணவுப் பாதுகாப்பு அதிகாரி கடைக்கு வந்திருக்கிறார். ஸ்டிக்கர் இல்லாத ஜாடிகளைப் பார்த்தார், படம் எடுத்தார். இரண்டு நாளில் 15 நாள் கெடுவோடு நோட்டீஸ் வந்துவிட்டது. இதற்கிடையே நாத்தனார் 22 வகைப் பொருள்களை ஒரு பேலட்டில் (சரக்கு அடுக்கும் தட்டு) கட்டி, கப்பலில் ஏற்றத் தயாராக வைத்திருக்கிறார். "என் பெயரிலேயே இறக்கித் தருகிறேன், கமிஷன் மட்டும் கொடுங்கள்" என்கிறார் சென்னையில் ஒருவர். "நாங்கள் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், ஒப்பந்தப்படி சலுகை இருக்கும்" என்கிறார் மாமனார். பேக்கரிக்கு உணவுப் பதிவு இருக்கிறது. பேலட்டை வரச் சொல்லலாமா, கடை தப்புமா? இவைதான் வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

பேலட் காத்திருக்கும், நோட்டீஸ் காத்திருக்காது. அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால் அது உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-இன் 32-ஆம் பிரிவின்படி வந்த மேம்பாட்டு நோட்டீஸ். இது தண்டனை அல்ல. 'இன்ன குறை இருக்கிறது, இத்தனை நாளுக்குள் சரிசெய்' என்பதுதான் அதன் பொருள். கெடு 14 நாளுக்குக் குறையக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. உங்களுக்கு 15 தந்திருக்கிறார்கள். சும்மா விட்டால்தான் அது கடையின் பதிவை நிறுத்திவைப்பதிலும் பிறகு ரத்து செய்வதிலும் போய் முடியும். அப்படி நடந்தால் போவது சீஸ் மட்டுமல்ல, நீங்கள் அன்றாடம் சுடும் ரொட்டியும்தான்.

ஆகவே அலமாரியில் உள்ள வெளிநாட்டுச் சரக்கின் விற்பனையை இன்றே நிறுத்துங்கள். எடுத்து ஒளிக்க வேண்டாம். குப்பையிலும் கொட்ட வேண்டாம். அதிகாரி படம் எடுத்துப் போயிருக்கிறார், அடுத்த முறை அந்த ஜாடிகள் எங்கே என்று கேட்பார். தனி அட்டைப்பெட்டியில் போட்டு, 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி, எண்ணிக்கையோடு ஒரு பட்டியல் தயாரியுங்கள். விற்பனையை நிறுத்திவிட்டேன், பட்டியல் இணைத்துள்ளேன், அப்புறப்படுத்துவது குறித்து உங்கள் அறிவுரைப்படி செய்வேன் என்று பதில் எழுதுங்கள். "வீட்டு உபயோகத்துக்கு வைத்திருந்தோம்" என்று எழுதச் சொல்லி யாராவது அறிவுரை கூறுவார்கள். எழுதாதீர்கள். விருந்தினர் இல்லங்களுக்கு நீங்கள் போட்டுக் கொடுத்த பில் புத்தகம் அவர் கையில் கிடைத்தால், லேபிள் குறையாக இருந்த விஷயம் பொய்யாக மாறிவிடும்.

இனி மாமனார் சொன்னது. பெரியவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் அவர் நினைப்பது இல்லை. 1956-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த, புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் யாருக்கு எந்தக் குடியுரிமை என்பதைப் பேசுகிறது. இன்று உங்கள் கடையில் ஜாம் விற்க அது எந்த வாசலையும் திறக்கவில்லை. பாஸ்போர்ட் எந்த நிறமாக இருந்தாலும், விற்பனைக்காக உள்ளே வரும் உணவு 2006 சட்டத்தின் 25-ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டது. கொளத்தூர் கடைக்கு என்ன விதியோ அதே விதிதான் முத்தியால்பேட்டைக்கும்.

பெட்டியில் வந்த சரக்கும் அப்படித்தான். பயணியின் சொந்த உபயோகத்துக்கு வரும் உணவை விதிகள் தனியாகப் பார்க்கின்றன. அதே ஜாடி பேக்கரி அலமாரியில் ஏறிய நிமிடம் அந்தச் சலுகை போய்விடுகிறது. சுங்கத்துறையும் வியாபாரச் சரக்கைப் பயணச் சாமானாக ஏற்காது. சுங்கச் சட்டம் 1962-இன் 111, 112 பிரிவுகளில் பறிமுதலும் தண்டமும் உண்டு. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரும் உறவினர்தான் முதலில் மாட்டுவார், நீங்கள் அல்ல. அடுத்த விடுமுறைக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு கிலோ சாக்லேட் கொடுத்துவிடச் சொல்லுங்கள், வீட்டில் சாப்பிடுங்கள். அதோடு சரி.

இறக்குமதியாளர் என்பவர் யார்?

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது நோட்டீஸ் அல்ல, சென்னைக்காரர். "ஐ.இ.சி. (இறக்குமதி, ஏற்றுமதி செய்பவருக்கான எண்) அவருடையது, உரிமம் அவருடையது, எனக்கு என்ன பொறுப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். பணம் யாருடையது, சரக்கைத் தேர்ந்தெடுத்தது யார், லாப நட்டம் யாருக்கு? எல்லாம் உங்களுக்கு என்றால், பெயரை மட்டும் அவர் வாடகைக்கு விடுகிறார். சுங்கச் சட்டத்தில் 'இறக்குமதியாளர்' என்ற சொல்லுக்குள் உண்மையில் பயனடையும் உரிமையாளரும் அடக்கம். மாட்டினால் இருவரும் மாட்டுவீர்கள். அவருக்கு வக்கீல் பழக்கம், உங்களுக்கு அது புதிது.

இதிலேயே சட்டப்படியான ஒரு வழியும் இருக்கிறது, இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும். அந்தச் சென்னை வியாபாரி தன் பணத்தில், தன் பெயரில், தன் மத்திய உரிமத்தில் வாங்கி இறக்கட்டும். பரிசோதனை முடிந்து, லேபிளில் அவர் பெயரும் முகவரியும் ஒட்டி, ஜி.எஸ்.டி. பில் போட்டு உங்களுக்கு விற்கட்டும். அப்போது நீங்கள் சில்லறை விற்பனையாளர் மட்டுமே. பொருளின் தன்மைக்கும் தரத்துக்கும் அவர் பொறுப்பேற்கும் 'ஃபார்ம் இ' உத்தரவாதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவர் அதைத் தர வேண்டும் என்று 26-ஆம் பிரிவே சொல்கிறது. நாளை சரக்கில் கோளாறு என்றால் உங்களைக் காப்பாற்றும் காகிதம் அதுதான். லாபம் குறையும், தெரியும். ஜாடியின் பின்புறம் அவர் பெயர் இருக்கும், அடி விழுந்தால் அவர் மேல் விழும். லாபத்தில் குறைவது அதற்கான விலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரிலேயே இறக்க வேண்டும் என்றால் வரிசை இது. வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தில் ஐ.இ.சி. எண். ஆன்லைனில் 500 ரூபாய்க் கட்டணம், பான் எண்ணே இந்த எண்ணாகும். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பித்து உறுதிசெய்ய வேண்டும், மறந்தால் முடங்கிவிடும். அடுத்து எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்திடம் இறக்குமதியாளருக்கான மத்திய உரிமம். உங்களிடம் இருக்கும் பேக்கரிப் பதிவு இதற்குச் செல்லாது. சிறு வியாபாரமோ பெரிதோ, இறக்குமதி என்றாலே மத்திய உரிமம்தான். வங்கியில் கணக்கும், அதன் ஏ.டி. கோடை (அந்நியச் செலாவணி கையாளும் வங்கிக் கிளையின் எண்) துறைமுகத்தில் பதிவதும் உண்டு. எடையளவுச் சட்டத்தில் பொட்டலப் பொருள் இறக்குமதியாளராகப் பதிவும் வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டு எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் விஷயத்தில் மாட்டிக்கொள்வார்கள். இவற்றில் முதல் இரண்டும் கையில் வரும் முன் கப்பலில் எதையும் ஏற்றாதீர்கள்.

ஜாடி மூடியைத் திருப்பிப் பாருங்கள்

நீங்கள் அனுப்பிய அத்திப்பழ ஜாம் ஜாடியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்னால் அழகான பிரெஞ்சு எழுத்து. பின்னால் உட்பொருள்கள், அதுவும் பிரெஞ்சில். மூடியின் விளிம்பில் ஒரு மாதமும் வருடமும், 'இதற்கு முன் உண்பது நல்லது' என்ற பொருளில். பக்கத்தில் 'எல்' என்று தொடங்கும் ஒரு லாட் எண். அவ்வளவுதான்.

பேலட் வந்து இறங்கினால் சிக்கல் இந்த மூடியில்தான் தொடங்கும். லேபிளில் ஆங்கிலமோ தேவநாகரி எழுத்தில் இந்தியோ கட்டாயம். பிரெஞ்சு கூடுதலாக இருக்கலாம், தனியாக இருக்கக் கூடாது. தயாரித்த அல்லது பொட்டலமிட்ட தேதியும் வேண்டும், காலாவதித் தேதியும் வேண்டும். ஐரோப்பாவில் தயாரிப்புத் தேதி போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அவர்களுக்கு அது குறையே அல்ல, நமக்குக் குறை. அந்தத் தேதி இல்லாமல் நம் அதிகாரியால் அடுத்த கணக்கைப் போடவே முடியாது. துறைமுகத்தில் விடுவிக்கும் நேரத்தில் மொத்த ஆயுளில் 60 சதவீதம் மிச்சமிருக்க வேண்டும், அல்லது காலாவதிக்கு மூன்று மாதம் இருக்க வேண்டும். இரண்டில் எது குறைவோ அது. தள்ளுபடியில் கிடைத்தது என்று நாத்தனார் வாங்கி வைத்திருக்கும் பிஸ்கட்டுகள் கப்பலில் மிதந்து வந்து சேரும்போது எந்த நிலையில் இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

"இங்கே ஸ்டிக்கர் அடித்து ஒட்டிவிடலாமே?" பாதி சரி. இறக்குமதியாளர் பெயர் முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னமும் உரிம எண்ணும், பச்சை வட்டமோ பழுப்பு முக்கோணமோ என்ற சைவ அசைவக் குறி ஆகியவற்றைச் சுங்கக் கிடங்கிலேயே, பிரிக்க முடியாத ஒற்றை ஸ்டிக்கராக ஒட்ட அனுமதி உண்டு. உட்பொருள் பட்டியல், தயாரிப்புத் தேதி, காலாவதி, லாட் எண் ஆகியவற்றை நீங்கள் இங்கே உட்கார்ந்து எழுதி ஒட்ட முடியாது. அவை தயாரிப்பாளர் கையால், ஜாடி அந்த ஆலையை விட்டுக் கிளம்பும் முன் வந்திருக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட் அலமாரியில் இருந்து எடுத்த ஜாடிக்கு யார் இதைச் செய்து தருவார்கள்? ஏற்றுமதி லேபிள் கேட்டால் தருகிற ஆலையிடம் நேரடியாக வாங்கினால்தான் இது நடக்கும்.

"பிரான்ஸில் தரம் பார்த்துத்தானே விற்கிறார்கள், இங்கே ஏன் மறுபடி?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே பாதுகாப்பானது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இங்கே கேட்கப்படுவது நம் தர விதிகளில் அது எந்த இனம், அதில் உள்ள நிறமும் மற்றச் சேர்க்கைப் பொருள்களும் அந்த இனத்துக்கு அனுமதிக்கப்பட்டவையா என்பதுதான். உங்கள் பட்டியலில் உள்ள செஸ்ட்நட் கூழுக்கு எந்த இடம் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். நம் விதிகளில் இடமே இல்லாத பொருள் என்றால் தனியாக முன் ஒப்புதல் வாங்க வேண்டும்.

இந்தப் படிகளைத் தாண்டினால், சரக்கைக் கண்ணால் பார்த்துச் செய்யும் சோதனை. பிறகு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அறிக்கைக்குச் சட்டம் தரும் அவகாசம் ஐந்து நாள். மாதிரி ஒவ்வொரு பொருளுக்கும், ஒவ்வொரு பேட்சுக்கும் தனி. பரிசோதனைக் கட்டணமும் அப்படியே. இங்கேதான் சிறு வியாபாரிகள் சறுக்குகிறார்கள். 22 வகை, வகைக்கு 20 ஜாடி என்றால், 22 முறை கட்டணம். ஒவ்வொன்றிலும் இரண்டு மாதிரி போய்விடும். ஒரே வகையில் 440 ஜாடி என்றால் ஒரு முறை. கேட்டுப் பார்த்த எல்லாக் குடும்பத் தொழில்களிலும் நான் கண்டது இதுதான்: கடை அலமாரிக்கு அழகாக இருக்கும் சரக்கு, துறைமுகத்தில் மிக மோசமான சரக்கு.

தேறாவிட்டால் இணக்கமில்லாச் சான்று தருவார்கள். அதன்மேல் மறுபரிசீலனை கேட்கலாம். 15 நாள் அவகாசம். அதிலும் தோற்றால் சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும் அல்லது உங்கள் செலவில் அழிக்க வேண்டும். அதுவரை டெமரேஜ், அதாவது சரக்கு துறைமுகத்தில் தேங்குவதற்கான கட்டண மீட்டர் ஆட்டோ மீட்டர் போல ஓடிக்கொண்டே இருக்கும். குறையோடு கடைக்கு வந்துவிட்ட சரக்கு என்றால் தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரை, தரக்குறைவுக்கு 5 லட்சம் வரை தண்டம். சுங்கத் தண்டம் இதற்கு மேல் தனி.

சீஸும் வாத்து ஈரலும்

சீஸை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பால் பொருள்களுக்கு மத்திய கால்நடைத் துறையின் சுகாதார இறக்குமதி அனுமதி, கப்பலோ விமானமோ ஏறும் முன்பே வேண்டும். 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்தின் கீழ் வருவது இது. அந்தக் காலத்துச் சட்டம் என்று சிரிக்காதீர்கள், நன்றாகவே கடிக்கும். அனுப்பும் நாட்டின் கால்நடை மருத்துவச் சான்றில், பால் தந்த மாடுகளுக்கு அசைபோடும் விலங்குகளின் உறுப்புகளில் இருந்து செய்த தீனி தரப்படவில்லை என்று இருக்க வேண்டும். தயாரிக்கும் ஆலையே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் பதிவாகியிருக்க வேண்டும். கிராமத்துப் பண்ணையில் செய்த ஆட்டுப்பால் சீஸ்தான் உங்கள் வாடிக்கையாளர் கேட்பது என்கிறீர்கள். அந்தப் பண்ணைக்காரர் உங்களுக்காக இவ்வளவு காகிதம் எழுதுவாரா?

கடைசி வரியில் "கொஞ்சம் ஃபுவா க்ரா" என்று சின்னதாக எழுதியிருந்தீர்கள். வாத்து, கூஸ் ஈரல் பேஸ்ட்டான அதன் இறக்குமதியை இந்தியா 2014 ஜூலையிலேயே தடை செய்துவிட்டது. எந்த உரிமத்தாலும் கொண்டுவர முடியாது. மாட்டிறைச்சி எந்த வடிவில் கலந்திருந்தாலும் தடைதான். அது இல்லை என்ற உறுதிமொழியைச் சரக்கு ஆவணத்திலேயே கேட்பார்கள். மெல்லும் மிட்டாய்களில் உள்ள ஜெலட்டின் எந்த விலங்கில் இருந்து வந்தது என்று பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

பணமும் எல்லையும்

நாத்தனார் அங்கே யூரோவில் வாங்குகிறார். நீங்கள் அவர் லாஸ்பேட்டையில் கட்டும் வீட்டுக்குக் கொத்தனார் கூலியாக இங்கே ரூபாயில் கொடுத்துக் கழிக்கிறீர்கள். குடும்பத்துக்குள் இது சகஜம். இறக்குமதிக் கணக்கில் இது அந்நியச் செலாவணிச் சட்டச் சிக்கல். வங்கி வழியாக, இன்வாய்ஸுக்கு எதிராகத்தான் பணம் போக வேண்டும். விற்பவர் நாத்தனார் என்றால் 'உறவினர் விலை' என்று சுங்கத்துறை மதிப்பைக் கேள்வி கேட்கும். ஆலை இன்வாய்ஸ் நேரடியாக உங்கள் பெயரில் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊரில் யாருக்கும் உறைக்காது. ஆரோவில்லில் உங்கள் வாடிக்கைக் கஃபேக்கள் இருக்கும் பகுதி தமிழ்நாடு, கோட்டக்குப்பமும் அப்படியே. ஸ்கூட்டரில் கால் மணி நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் விற்பனை. நீங்கள் ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்க முடியாது, இறக்குமதியில் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி. என்ற ஒருங்கிணைந்த வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. கஃபேக்களுக்கு வழக்கமான ரொட்டி கொடுப்பதும் இதில் அடங்கும் என்பதால் உங்கள் கணக்காளரிடம் இந்த வாரமே பேசுங்கள்.

இப்போது பேலட்டை என்ன செய்வது?

ஏற்ற வேண்டாம். அங்கே இருக்கும்வரை அது வெறும் ஜாம். நாத்தனார் அக்கம்பக்கத்தில் விற்கலாம், சாப்பிடலாம். சென்னைத் துறைமுகத்துக்கு வந்துவிட்டால் அது வழக்கு.

என் கருத்தைக் கேட்டால், முதல் ஆறு மாதம் வேறு இறக்குமதியாளரிடம் பில்லோடு வாங்கி விற்றுப் பாருங்கள். விருந்தினர் இல்லங்கள் அந்த விலைக்கும் வாங்குகின்றன என்றால் ஐ.இ.சி.க்கும் மத்திய உரிமத்துக்கும் விண்ணப்பியுங்கள். முதல் சரக்கில் மூன்றே பொருள்: ஜாம், கடுகு பேஸ்ட், பிஸ்கட். மூன்றும் குளிர்பதனம் கேட்காதவை, பால் பொருள் அனுமதி தேவைப்படாதவை, ஆயுள் நீண்டவை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஆலை, ஒரே பேட்ச். ஆலை அனுப்பும் ஆங்கில லேபிளின் படத்தை அச்சாகும் முன்பே துறைமுகத்தில் சுங்க வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் கிளியரிங் ஏஜென்டிடம் காட்டி ஒப்புக்கொள்ள வையுங்கள். கடுகு பேஸ்ட்டில் ஒயின் சேர்ந்திருந்தால் தனியாகக் கேளுங்கள்.

நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த தேதியை அதன் ஓரத்தில் பேனாவால் குறித்திருக்கிறீர்கள், நல்ல பழக்கம். அந்தக் கணக்கில் இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நோட்டீஸே தவறு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையரிடம் மேல்முறையீடு செய்யவும் உரிமை உண்டு, அதற்கும் இதே கெடுதான். ஆனால் உங்கள் விஷயத்தில் அதிகாரி சொல்வது சரி, அந்த வழிக்குப் போக வேண்டாம். பதிலைத் தபாலில் போடாமல் நேரில் கொடுங்கள். இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.